வாத்தியார் எந்த வாசல் வழியாக வருகிறார்?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மலர்க்குழு நண்பர்கள் என்னை வராந்தாவில் மடக்கியபோது, "காதல் கவிதை மட்டும் வேணாம்டா சாமி, ஏற்கெனவே ஒரு மூட்டை வந்திருக்கு" என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். சரி, வேறு என்ன எழுதுவது? மறுநாள் முதல் பீரியடிலேயே விஷயம் கிடைத்துவிட்டது. மணி அடித்தது. திண்டிவனத்திலிருந்து பாசஞ்சரில் நின்றுகொண்டே வந்தவன், செஞ்சியிலிருந்து டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தவன், மரக்காணத்திலிருந்து விடிகாலையில் கிளம்பி வந்தவன் எல்லாரும் உட்கார்ந்திருக்கிறோம். வாத்தியார் மட்டும் இல்லை. அரை மணி நேரம் கழித்து லேப் அட்டெண்டர் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"சார் லீவாண்ணே?"

"எந்த சாரு? அந்த போஸ்ட்டே காலிப்பா."

காலி! ஒரு நாற்காலி காலியாக இருந்தால் நமக்கு ஒரு பீரியட் லாபம் என்று கேன்டீனுக்கு ஓடிய கூட்டத்தில் நானும் ஒருவன். பொய் சொல்லவில்லை. ஆனால் அரியர் லிஸ்ட்டில் அந்தப் பாடத்தின் பெயரைப் பார்த்த அன்றைக்குத்தான், அந்த நாற்காலியை யார் நிரப்புகிறார்கள், எப்படி நிரப்புகிறார்கள் என்று கேட்கத் தோன்றியது. "வேலை கிடைப்பதும் கிடைக்காததும் அவங்க பிரச்சினை, நமக்கென்ன?" என்பான் நம்மில் பாதிப் பேர். அவனுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அரசு பாலிடெக்னிக்குக்கு விரிவுரையாளரை எடுப்பது ஆசிரியர் தேர்வு வாரியம், அதாவது டி.ஆர்.பி. முதல் வகுப்பில் பி.இ. தேறியிருக்க வேண்டும், எழுத்துத் தேர்வு எழுத வேண்டும், மதிப்பெண்ணும் இட ஒதுக்கீடும் சேர்ந்து முடிவு செய்யும். கேட்க எவ்வளவு சுலபம்! 2017-ல் 1,058 பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 16-ஆம் தேதி தேர்வு. மாநிலம் முழுக்க 1 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதினார்கள். ஒரு நாற்காலிக்கு நூற்றிருபது பேருக்கு மேல். நவம்பரில் முடிவு வந்தது.

அதற்குப் பிறகுதான் கூத்து. மதிப்பெண் பட்டியலைப் பார்த்த தேர்வர்கள் சிலர், "இந்த மார்க் எப்படி வந்தது?" என்று முணுமுணுத்தார்கள். முணுமுணுப்பு புகாராக ஆனது. விடைத்தாள்களின் நகல், அதாவது நாம் கறுப்புப் பேனாவால் வட்டம் வட்டமாக நிரப்புகிறோமே அந்த ஓ.எம்.ஆர். தாள், இணையதளத்தில் ஏறியது. தாளில் ஒரு மதிப்பெண், பட்டியலில் இன்னொரு மதிப்பெண்! கணக்குப் பார்த்தால் 196 பேருக்கு வாங்காத மதிப்பெண் வாங்கியதாக ஏறியிருந்தது. விடைத்தாளை ஸ்கேன் செய்து மதிப்பெண் ஏற்றும் வேலையைக் குத்தகைக்கு எடுத்த தனியார் நிறுவனத்தின் ஆட்கள் வரை போலீஸ் பிடித்தது. 2018 பிப்ரவரியில் தேர்வே ரத்து. அந்த 196 பேரும் இனி டி.ஆர்.பி. தேர்வே எழுதக்கூடாது என்று தடை.

திருடனைப் பிடித்தாகிவிட்டது, சுபம் என்று சினிமா முடியும். நம் கதை அங்கேதான் ஆரம்பம். ரத்தான தேர்வுக்குப் பதில் புது அறிவிப்பு வந்தது 2019 நவம்பரில். அப்புறம் கொரோனா. தேர்வு நடந்தது 2021 டிசம்பரில். புதிதாகத் தேர்வானவர்கள் கையில் ஆணை வாங்கிக்கொண்டு வகுப்புக்குள் வரும்போது 2022. இப்போது விரலை மடக்குங்கள். 2017-ல் முதலாண்டு சேர்ந்தவர்கள் 2020-ல் வெளியே போனார்கள். 2018-ல் சேர்ந்தவர்கள் 2021-ல். 2019-ல் சேர்ந்தவர்கள் 2022-ல். மூன்று முழு பேட்ச்! எந்த 1,058 பேருக்காக விளம்பரம் வந்ததோ, அவர்களில் ஒருவரைக்கூடப் பார்க்காமலே டிப்ளமோ வாங்கிக்கொண்டு நம் சீனியர்கள் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஓசூருக்கும் கான்ட்ராக்ட் லேபராகப் போய்விட்டார்கள். நீதிமன்றத்தில் தேர்வர்கள் வழக்குப் போட்டார்கள். அரசு பதில் சொன்னது. மாணவன் தரப்பில் யாரும் எந்த மனுவும் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. நமக்கு நஷ்டம் ஆனதே நமக்குத் தெரியாது.

அந்த இடைவெளியில் வகுப்பை யார் நடத்தினார்கள்? பகுதிநேர விரிவுரையாளர்கள். மணிக்கு இவ்வளவு, மாதத்துக்கு இத்தனை மணி என்று கணக்கு. அப்படி ஒரு சாரிடம் நானும் படித்தேன். பெயர் சொல்ல மாட்டேன், அவருக்குச் சங்கடம். ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் எடுத்தார். ஒரு நாள் புது சாக்பீஸ் ஒன்றை இரண்டு கையிலும் பிடித்து, துணி பிழிவது மாதிரி முறுக்கினார். 'டக்'கென்று உடைந்தது. உடைந்த முகத்தை எல்லார் பெஞ்சுக்கும் கொண்டுவந்து காட்டினார். நேராக உடையவில்லை. சரிவாக, சுருள் மாதிரி, 45 டிகிரியில் உடைந்திருந்தது. "சாக்பீஸ் இழுவிசைக்குத் தாங்காதுடா. முறுக்கும்போது அந்த இழுப்பு 45 டிகிரியில்தான் அதிகம். அதான் அங்க பிளக்குது. இதையே மைல்ட் ஸ்டீல் தண்டுல பண்ணினா எப்படி உடையும்? யோசிச்சிட்டு வா" என்றார். மூன்று வருஷத்தில் நான் மறக்காத ஒரே பாடம் அதுதான். அவர் 2017 தேர்வு எழுதியவர். அந்த 196-ல் இல்லாதவர். ஒழுங்காக எழுதியும் தேர்வு ரத்தானதால் மறுபடி முதலிலிருந்து தொடங்கியவர். 2021-ல் இரண்டு குழந்தைகளைத் தூங்க வைத்துவிட்டுப் படித்ததாக ஒரு முறை திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் சொன்னார். சில மதிப்பெண்ணில் போய்விட்டதாம். செமஸ்டர் நடுவில், கூடச் சம்பளம் தருகிற வேறு வேலை கிடைத்தது, போய்விட்டார். யாரைக் குறை சொல்ல?

இந்த மாதிரி ஆட்களுக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று டெல்லியில் விதி இல்லாமல் இல்லை. கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் அதிகபட்சம் 50,000 என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. நம் மாநிலத்து அரசு கலைக் கல்லூரிகளில் அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் அதில் பாதிகூட எட்டவில்லை. பாலிடெக்னிக் பகுதிநேரக்காரர் நிலைமையைக் கேட்கவே வேண்டாம்.

இங்கே ஒரு நண்பன் குறுக்கே வருவான். "அந்த சாக்பீஸ் சாரைத்தானே எடுத்திருக்கணும்? வட்டம் நிரப்புற தேர்வு நல்ல வாத்தியாரைக் கண்டுபிடிக்காதுன்னு நீயே சொல்லிட்டியே. நேர்ல கூப்பிட்டுப் பேசிப் பார்த்து எடுக்கலாமே?"

நியாயமான கேள்வி. அதற்கான பதில் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, பல்கலைக்கழகத்தில். நம்மில் பலருடைய கனவு அதுதான். டிப்ளமோ முடித்து லேட்டரல் என்ட்ரியில் நேராக இரண்டாம் ஆண்டு பி.இ. காகுப்பத்திலும் மேல்பாக்கத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் இருக்கின்றன. பஸ்ஸில் போகும்போது எட்டிப் பார்க்காதவன் யார்? பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியரை எடுக்கிற முறை வேறு. மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி, பட்டம், நெட் தேர்ச்சி, ஆய்வுக் கட்டுரை இவற்றுக்கெல்லாம் போடுகிற மதிப்பெண் நேர்முகத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று பார்க்க மட்டும்தான். கூப்பிட்ட பிறகு, இறுதித் தேர்வு முழுக்க முழுக்க நேர்முகத்தில். துணைவேந்தர் தலைமையில் குழு. வெளியிலிருந்து பாட வல்லுநர்கள், துறைத்தலைவர், வேந்தரின் பிரதிநிதி உட்காருவார்கள். கதவு சாத்தப்படும். பத்திருபது நிமிஷம். கதவு திறக்கும். உள்ளே என்ன நடந்தது என்பதற்கு ஓ.எம்.ஆர். தாள் கிடையாது.

அங்கே நல்லவர்கள் தேர்வாகவில்லை என்று நான் சொல்லவில்லை. ஏராளமானவர்கள் அப்படித்தான் வந்தார்கள், நன்றாகவும் நடத்துகிறார்கள். ஆனால் தப்பு நடந்தால் எப்படித் தெரியவரும் என்று யோசித்துப் பாருங்கள். பாலிடெக்னிக் தேர்வு ரத்தான அதே 2018 பிப்ரவரியில்தான், கோவை பாரதியார் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஒரு உதவிப் பேராசிரியரிடம் பணி நியமனத்துக்காக 30 லட்சம் ரூபாய் கேட்டுப் பெற்றதாக லஞ்ச ஒழிப்புப் போலீசாரால் கைது செய்யப்பட்டார். 1 லட்சம் ரொக்கம், மீதி 29 லட்சம் காசோலை என்று செய்தி. அது வெளியே வந்ததற்குக் காரணம், பணம் கொடுக்க வேண்டியவரே போய்ப் புகார் கொடுத்தது. அவர் வாயை மூடியிருந்தால்? அதே ஆண்டு அக்டோபரில், அப்போதைய ஆளுநர் பன்வாரிலால் புரோகித், துணைவேந்தர் பதவிக்கே கோடிக்கணக்கில் பணம் கைமாறியதாக மேடையில் பேசினார். பிறகு, கல்வியாளர்கள் தம்மிடம் சொன்னதைத்தான் சொன்னேன் என்று விளக்கம் தந்தார். வேந்தருக்கே காதுவழிச் செய்திதான்!

அதனால்தான் சொல்கிறேன். தேர்விலும் திருட்டு நடக்கும், நேர்முகத்திலும் நடக்கும். ஆனால் தேர்வுத் திருட்டு பிடிபட்டதற்குக் காரணம், தாள் எல்லார் கண்ணுக்கும் வந்தது. என் அப்பா முண்டியம்பாக்கம் ஆலைக்குக் கரும்பு ஏற்றுகிற லாரியில் லோடுமேன். நாளைக்கு நான் பி.இ. முடித்து வாத்தியார் வேலைக்குப் போய் நின்றால், சாத்திய கதவுக்குள் "தம்பி யார் வீட்டுப் பையன்?" என்று ஒருவர் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. வட்டம் நிரப்பும் தாள் அதைக் கேட்காது. அதற்காகவே எனக்கு அந்தத் தாள்மேல் ஒரு மரியாதை. சாக்பீஸ் சாரை அது தவறவிட்டது உண்மை. அதற்கு வழி, தேர்வை எடுத்துவிடுவது அல்ல. தேர்வோடு கூட, மாணவர்கள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் அரை மணி நேரம் பாடம் நடத்தச் சொல்லி, அதற்கு மதிப்பெண் போட்டு, அதையும் பட்டியலில் வெளியிடட்டும். லேத்தில் ஒரு வேலை செய்து காட்டச் சொல்லட்டும். நம்மைக் கேட்காமல் நமக்கு வாத்தியார் எடுப்பது, சாப்பிடுகிறவனை வெளியே நிறுத்திவிட்டுக் குழம்புக்கு உப்புப் பார்ப்பது மாதிரி!

வெளிச்சத்துக்கு இன்னொரு சாட்சி. 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் ஒரு கணக்கை வெளியிட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்பில் உள்ள பொறியியல் கல்லூரிகளில் 353 ஆசிரியர்கள், ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர வேலை பார்ப்பதாகப் பதிவு! மொத்தம் 224 கல்லூரிகள். இணைப்பு வாங்கக் கணக்குக் காட்டுவதற்காக ஏறிய பெயர்கள். முருகன்கூட ஆறு முகம் வைத்துக்கொண்டு ஒரு கோயிலில்தான் நிற்கிறார். இவர்கள் ஒரு முகத்தை வைத்துக்கொண்டு பத்துக் கல்லூரியில் நின்றார்கள். இதைக் கண்டுபிடிக்க உளவுத்துறை வரவில்லை. கல்லூரிகள் கொடுத்த ஆசிரியர் பட்டியல்களை எடுத்துவைத்துப் பெயரையும் பிறந்த தேதியையும் ஒப்பிட்டார்கள், அவ்வளவுதான். பிறகு பல்கலைக்கழகமே விசாரணை நடத்தி உண்மை என்று ஒப்புக்கொண்டது. அந்தக் கல்லூரிகளில் நான்கு ஆண்டு உட்கார்ந்திருந்த மாணவனுக்கு, "இந்தப் பெயரில் ஒரு சார் நமக்கு வந்ததே இல்லையே" என்று தெரியாதா? தெரியும். அவன் கையில் பட்டியல் இல்லை.

நம் மாவட்டத்துக்காரன் இந்த விஷயத்தில் சும்மா இருக்கவே முடியாது. 1987 செப்டம்பரில், இது தென் ஆற்காடு மாவட்டமாக இருந்தபோது, இட ஒதுக்கீடு கேட்டு நடந்த சாலை மறியலில் 21 பேர் உயிர் போனது இந்த மண்ணில்தான். அதற்குப் பிறகு 1989-ல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீதம் வந்தது. விழுப்புரத்தில் அவர்களுக்கு மணிமண்டபம் 2025 ஜனவரியில் திறந்தார்கள். சதவீதம் சட்டத்தில் இருந்தால் போதுமா? கணக்குப் போடுகிற விதத்திலேயே அதைக் காணாமல் அடிக்கலாம். நமக்குக் கணக்கு பிடிக்கும் என்பதால் சொல்கிறேன். மத்தியப் பல்கலைக்கழகங்களில், காலாப்பட்டில் இருக்கும் புதுவைப் பல்கலைக்கழகமும் அதில் ஒன்று, 2018 மார்ச்சில் மானியக் குழு ஒரு உத்தரவு போட்டது. அலகாபாத் உயர் நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டி, இட ஒதுக்கீட்டுக்கு முழுப் பல்கலைக்கழகத்தையும் ஒரே அலகாக எடுக்காதே, ஒவ்வொரு துறையையும் தனித்தனி அலகாக எடு என்றது. கேட்க என்ன தப்பு என்று தோன்றும். சுழற்சிப் பட்டியலில் நான்காவது இடம் பிற்படுத்தப்பட்டோருக்கு, ஏழாவது தாழ்த்தப்பட்டோருக்கு, பதினான்காவது பழங்குடியினருக்கு. ஒரு துறையில் மூன்றே உதவிப் பேராசிரியர் இடம் என்றால்? மூன்றும் பொது. ஆறு இடம் உள்ள துறையில் ஏழாவது ஆள் எப்போது வருவார்? சதவீதம் ஒரு புள்ளிகூடக் குறையவில்லை, இடம் மட்டும் ஆவியாகிவிட்டது. நாடு முழுக்க ஆசிரியர்களும் மாணவர்களும் தெருவில் இறங்கிய பிறகு, 2019-ல் சட்டம் கொண்டுவந்து பழையபடி முழு நிறுவனத்தையும் ஒரே அலகாக்கினார்கள். ஒரு சுற்றறிக்கையை வரி விடாமல் படித்தவர்கள் இருந்ததால் தப்பித்தது.

துணைவேந்தர் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விழுப்புரத்துக்கே ஒரு பல்கலைக்கழகம் என்று 2021 பிப்ரவரியில் சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது, ஜெயலலிதா பெயரில். துணைவேந்தரும் நியமனமானார். தேர்தல் வந்தது, ஆட்சி மாறியது, அதே ஆண்டு ஆகஸ்ட் 31-ல் அதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கும் மசோதா நிறைவேறியது. ஏழு மாதம்கூட ஆகவில்லை! நம் ஊர்க் கல்லூரி மாணவன் வேலூரா, விழுப்புரமா, சிதம்பரமா என்று சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டியதாயிற்று. மற்ற பல்கலைக்கழகங்களில், தேடுதல் குழுவில் மானியக் குழுவின் ஆள் இருக்க வேண்டுமா வேண்டாமா என்று ஆளுநருக்கும் அரசுக்கும் இழுபறி. சென்னைப் பல்கலைக்கழகமே 2023 ஆகஸ்டிலிருந்து நீண்ட காலம் துணைவேந்தர் இல்லாமல் கிடந்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒன்று சொன்னது, மே மாதம் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. பெரிய இடத்துச் சண்டை. துணைவேந்தர் இல்லாவிட்டால் நேர்முகக் குழுவுக்குத் தலைவர் இல்லை, குழு கூடாவிட்டால் வாத்தியார் இல்லை, அது மட்டும் நமக்குப் புரிகிறது.

ஒரே ஒரு வெளிநாட்டு விஷயம் சொல்லி முடிக்கிறேன், அட, முடித்துவிடுவேன், பக்கத்தைத் திருப்பாதீர்கள். அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கை என்று நிதி திரட்டினார்கள் அல்லவா? 60 லட்சம் டாலர். தமிழக அரசு 10 கோடி ரூபாய் கொடுத்தது. ஊர் ஊராகச் சாதாரண ஜனங்களும் கொடுத்தார்கள். அந்த முதலை வங்கியில் போட்டமாதிரி வைத்து, வருகிற வருமானத்தில் ஒரு பேராசிரியருக்குச் சம்பளம், காலாகாலத்துக்கும். பணம் கொடுத்தவர் யாரும் "என் மச்சானைப் போடு" என்று சொல்ல முடியாது. ஆளைத் தேர்ந்தெடுப்பது பல்கலைக்கழகம். பணம் சேர்ந்து முடிந்தது 2018-ல். மார்த்தா ஆன் செல்பி என்ற அறிஞர் பொறுப்பேற்றது 2023-ல். ஐந்து ஆண்டு! நம் பாலிடெக்னிக் தேர்வுக்கும் ஏறக்குறைய அதே ஐந்து ஆண்டு. அங்கே அந்த இருக்கை புதிது, அதற்காக எந்த வகுப்பும் காத்திருக்கவில்லை. இங்கே வகுப்பில் நாம் உட்கார்ந்திருந்தோம்.

சரி, நாம் என்ன செய்யலாம்? வேலை நிறுத்தம் வேண்டாம், இருக்கிற வகுப்பும் போகும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-லிருந்து இருக்கிறது. பத்து ரூபாய் செலவு. முப்பது நாளில் பதில் தர வேண்டும். நான் ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். நம் கல்லூரியில் துறைவாரியாக அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை? அதில் நிரந்தரமானவர் எத்தனை, பகுதிநேரம் எத்தனை, காலி எத்தனை, எந்தத் தேதியிலிருந்து காலி? பகுதிநேரத்தில் எடுக்கும்போது விளம்பரம் செய்தார்களா, எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள்? இவ்வளவுதான். யாரையும் திட்டி ஒரு வார்த்தை இல்லை. முதல்வர் ஐயாவிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். "போடுப்பா, எனக்கும் அந்த லிஸ்ட் கையில் இருந்தா சென்னைக்கு எழுத வசதி" என்றார், சிரித்துக்கொண்டே.

சங்கத்தின் பெயரில் போட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்களாம், தனி நபர் பெயரில்தான் போட வேண்டுமாம். அதனால் என் பெயரில் போடுகிறேன். கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டியாகிவிட்டது. இதே மனுவை அவரவர் துறைக்குத் தனியாகப் போட விரும்புகிறவர்கள் மெஷின் ஷாப் வாசலில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என்னைப் பாருங்கள், நகல் தருகிறேன். பதில் வந்ததும் மெக்கானிக்கல் நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறேன். அந்த போர்டுக்குக் கண்ணாடி உடைந்து ஒரு வருஷம் ஆகிறது, மழைக்கு முன்னால் வந்து படித்துவிடுங்கள்.